நித்யாவின் இடது கால்

ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்தால் பெட்ரோல் போடும்போது மகள் பார்த்துவிடுவாள். சட்டைப்பையில் வைத்தால் துவைக்கப் போடும்போது மனைவி எடுத்துவிடுவாள். பட்டறையில் வைத்தால் யாராவது அதில் வடையை மடித்துக் கொடுத்துவிடுவார்கள். ஒரே ஒரு தாளை ஒளித்து வைக்க இத்தனை பெரிய கோயமுத்தூரில் இடமில்லையே என்று கல்லூரி வாகன நிறுத்தத்தில் நின்று தவித்த தம்பிதுரை, கடைசியில் அதை நாலாக மடித்துப் பனியனுக்குள் செருகிக்கொண்டார்.

தாளின் தலையில் 'நித்யஸ்ரீ தம்பிதுரை, ஜூடோ' என்று அச்சாகியிருந்தது. அதன் கீழே இரண்டு கால்களின் படம். வலது கால் பச்சை, இடது கால் சிவப்பு. வலது தொடையைவிட இடது தொடைக்கு இருபத்தெட்டு சதவீதம் பலம் குறைவு. வித்தியாசம் பதினைந்தைத் தாண்டினால் முட்டிக் காயத்துக்கு வாய்ப்பு அதிகம் என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தது.

தம்பிதுரைக்கு இங்கிலீஷ் தகராறு. ஆனால் எண்ணும் அம்புக்குறியும் தகராறு இல்லை. கணபதிப் பகுதியில் அவருக்குச் சின்னதாக ஒரு பட்டறை உண்டு. பம்புக்குள்ளே தண்ணீரைத் தள்ளும் சக்கரத்தை இம்பெல்லர் என்பார்கள். அதைச் சுழலவிட்டு, எந்தப் பக்கம் கனம் கூடுதல் என்று கண்டுபிடித்து, அந்தப் பக்கத்தைத் தேய்த்துச் சமப்படுத்திக் கொடுப்பது அவருடைய முப்பது வருடத் தொழில். கனம் ஒரு பக்கம் சாய்ந்த சக்கரம் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். பம்பையே உடைத்துக்கொண்டு வெளியே வரும்.

அந்தப் பட்டறையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மகளின் மாநிலப் பதக்கம் தொங்கியது. "பொண்ணு என்னங்க பண்ணுது?" என்று யார் கேட்டாலும், "ஆளைத் தூக்கிப் போடுதுங்க" என்பார். கேட்டவர் ஓரடி பின்னால் நகர்வதைப் பார்ப்பதில் அவருக்கு அலாதி சந்தோஷம்.

இன்னும் ஏழே வாரத்தில் பல்கலைக்கழகங்களுக்கிடையே அகில இந்தியப் போட்டி. ஐம்பத்தேழு கிலோ பிரிவில் நித்யா. போன வருடம் இரண்டு பிள்ளைகள் முட்டி போய் வீட்டில் உட்கார்ந்த பிறகு, கோச் ஆசிப் ஒரு சட்டம் போட்டிருந்தார். எல்லாரும் கால் பலம் பார்க்கும் மெஷினில் உட்கார வேண்டும். ரிப்போர்ட்டை அவரவர் வாங்கி வைத்துக்கொண்டு குறையைச் சரிசெய்துகொள்ள வேண்டும். போட்டிக்குக் கிளம்பும் முன்னால் மறுபடி ஒரு டெஸ்ட். அதிலும் கால் சரியில்லை என்றால் டீமில் இடமில்லை.

முதல் டெஸ்டுக்கு மகளோடு தம்பிதுரையும் போயிருந்தார். எதையும் தான் ஒரு முறை சோதிக்காமல் அடுத்தவரிடம் விடுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. கல்யாண மண்டபத்தில் நாற்காலியை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் மாமியாரை உட்காரச் சொல்வார். தியேட்டரில் கைப்பிடியை இழுத்துப் பார்ப்பார். அங்கேயும், "மொதப் பீஸை நாம ஓட்டிப் பார்க்கோணும் அம்மணி" என்று, மகளின் பெயரை ஏற்றி வைத்திருந்த மெஷினில் தானே ஏறி, பெல்ட்டை இறுக்கச் சொல்லி, நாலு உதை உதைத்து, "ஓட்டம் சுத்தமா இருக்குது" என்று சான்றிதழ் கொடுத்த பிறகுதான் மகளை உட்காரவிட்டார். மெஷினைப் பார்த்துக்கொள்ளும் இனியா என்ற பெண், பெரியவரை இறங்கச் சொல்ல வாய் வராமல், "சரிங்க சார், சரிங்க சார்" என்று நின்றுகொண்டிருந்தாள்.

இன்று ரிப்போர்ட் வாங்க அவரே வலியப் போனார். இனியா உள்ளே வேலையாக இருக்க, கவுண்டரில் இருந்தவர் பெயரைக் கேட்டு ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். மாடியிலிருந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கியவர், (படி வைத்த கொத்தனாருக்கு அளவு தெரியாது என்பது அவருடைய நெடுநாள் குற்றச்சாட்டு) கீழே வந்து பிரித்துப் பார்த்தார். அவ்வளவுதான்.

அவருக்கு முட்டி என்றால் என்ன என்று தெரியும். இருபத்தொரு வயதில் சூலூர்ப் பக்கம் கபடியில் அவரை ஏழு பேர் சேர்ந்து அமுக்கியபோது ஒரு சத்தம் கேட்டது. எண்ணெய்க்கட்டுப் போட்டு மூன்று மாதம் படுத்தார். கபடி அத்தோடு முடிந்தது. முட்டி எப்படி இருக்கிறது என்று யார் கேட்டாலும் "அது அப்பவே சரியாப்போச்சுங்க" என்பார். ஆனால் அந்தச் சத்தத்தை அவர் மறக்கவில்லை.

நித்யாவின் பேர்போன வீச்சு, இடது காலை ஊன்றிச் சுழன்று, வலது காலால் எதிராளியின் தொடையை வாரி எறிவது. மொத்தப் பாரமும் அந்த இடது காலில்தான். அந்தக் கால்தான் தாளில் சிவப்பாக இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் மகள் கேட்டாள்.

"ஏனுங்கப்பா, ரிப்போர்ட்டு வாங்கீட்டீங்களா?"

"மெஷின்ல பேப்பர் தீந்துபோச்சாம் கண்ணு. மெதுவாத்தான் குடுப்பாங்களாம்."

பனியனுக்குள் தாள் சரசரத்தது. நல்லவேளையாக அந்த நேரம் நித்யாவுக்குப் போன் வந்தது. மாடிக்குப் போய்ப் பேசிவிட்டு இறங்கி வந்தவள், அப்பாவை ஒரு மாதிரி உற்றுப் பார்த்தாள்.

"சரிங்கப்பா. மெதுவாவே வரட்டும்."

தப்பித்தோம் என்று தம்பிதுரை மூச்சு விட்டார். பிள்ளைக்குத் தெரிந்தால் பயந்துபோவாள். கோச்சுக்குத் தெரிந்தால் டீமை விட்டு எடுத்துவிடுவார். மறு டெஸ்டுக்கு ஆறு வாரம் இருக்கிறது. முப்பது வருடமாக ஊர் இம்பெல்லரையெல்லாம் சமப்படுத்தியவனுக்குச் சொந்த மகளின் காலைச் சமப்படுத்தத் தெரியாதா?

தொழில் முறைப்படி கனமான பக்கத்தைத் தேய்க்க வேண்டும். மகளின் வலது காலை அரத்தால் தேய்க்க முடியாது. அதற்கு ஓய்வு கொடுத்தால் தானே தேயும் என்று முடிவு செய்தார்.

"அம்மணி, யூடியூப்ல ஒண்ணு பார்த்தேன். பல்லு விளக்கறப்ப இடது கால்ல மட்டும் நின்னா ஜூடோவுக்கு ரொம்ப நல்லதாமா."

"அப்படிங்களா? எப்படின்னு நீங்க நின்னு காட்டுங்கப்பா."

தம்பிதுரை வலது காலைத் தூக்கினார். இரண்டு நொடி நின்றார். மூன்றாவது நொடியில் பிடிக்க எதுவும் அகப்படாமல் அடுக்களை மேடையைப் பிடித்தார். மேடையில் இட்லி மாவுப் பாத்திரம் இருந்தது.

"ஏனுங்க, இது நாலு நாளைக்கு ஆட்டுன மாவுங்க!" என்று மனைவி கலாமணி ஓடிவந்தாள்.

நித்யாவோ இடது காலில் பல் விளக்கி, வாய் கொப்பளித்து, அதே காலில் நின்றபடி தலையும் பின்னிக்கொண்டாள். அது போதாதென்று காலை மாற்றி வலது காலிலும் நின்றாள்.

"அந்தக் கால் வேண்டாம் கண்ணு! இது மட்டும்தான்!"

"ஒத்தையா நின்னா சலிப்பா இருக்குதுங்கப்பா. நாளையிலிருந்து நீங்களும் எங்கூட நில்லுங்க. நீங்க நின்னா நானும் இடது கால்லயே நிக்கிறேன்."

மகளுக்காக மனுஷன் என்னதான் செய்யமாட்டான்? மறுநாளிலிருந்து இரண்டு பேரும் நின்றார்கள். மாவுப் பாத்திரம் குளிர்பெட்டிக்குக் குடிபோயிற்று.

ஒரு வாரம் கழித்து அவருக்கு இன்னொரு யோசனை உதித்தது. மகளின் ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடி இடது காலால் உதைத்தும் கிளப்பலாம். பட்டனை அமுக்கினால் கிளம்புகிற வசதி இருக்கும்வரை யார் உதைப்பார்கள்? அந்தப் பட்டனின் ஒயரைப் பிடுங்கிப்போட்டார்.

காலையில் நித்யா பட்டனை அமுக்கினாள். சத்தமில்லை.

"பேட்டரி போயிருக்கும் சாமி. உதைச்சுப் பாரு. இடது காலு."

"டிரெஸ்ஸு மாட்டுதுங்கப்பா. நீங்களே உதைச்சுக் குடுங்க. எனக்கு நேரமாச்சு."

தம்பிதுரை உட்கார்ந்து உதைத்தார். பதினேழு உதை. வண்டி இருமியதே தவிரக் கிளம்பவில்லை. ஆனமட்டும் உதைத்துவிட்டு அவர் நிமிர்ந்தபோது மகள் காந்திபுரம் பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டிருந்தாள். அன்று அரை மணி நேரம் தாமதம். கோச் ஆசிப் அவளை மைதானத்தைச் சுற்றிப் பத்துச் சுற்று ஓடவிட்டார். செய்தி தம்பிதுரைக்கு வந்தது. பத்துச் சுற்று, அதுவும் அந்தக் காலோடு!

ஒயரை மறுபடி மாட்டிவிடலாம் என்று போனார். மாட்டினால் யார் பிடுங்கியது என்ற கேள்வி வரும். ஆகவே தினமும் காலையில் அவரே வண்டியை உதைத்துக் கிளப்பி வாசலில் நிறுத்துவது வழக்கமாயிற்று. நாலாம் நாளிலிருந்து ஐந்து உதையில் கிளம்பியது. வண்டி பழகிவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

முன்தொடை தள்ளுகிறது, பின்தொடை பிடித்து நிறுத்துகிறது, ஒன்று ஆக்சிலேட்டர் என்றால் மற்றது பிரேக் என்று யாரோ ஒரு டாக்டர் யூடியூபில் சொல்வதை மூன்றாவது வாரத்தில் கேட்டார். பிரேக்கையும் பார்த்துவிட வேண்டியதுதான். மண்டி போட்டு, கணுக்காலை இன்னொருவர் பிடித்துக்கொள்ள, உடம்பை விறைப்பாக வைத்து மெல்ல முன்னால் சாய வேண்டும். பவானி ஜமக்காளத்தை மடித்துக் கூடத்தில் விரித்தார்.

நித்யா சாய்ந்தாள். ரயில்வே கேட்டைப் போல நிதானமாக இறங்கி, தரைக்கு ஒரு சாண் மேலே நின்று, அப்படியே ஏறினாள்.

"வலிக்குதா கண்ணு?"

"இல்லீங்கப்பா."

வலியை மறைக்கிறாள், தைரியசாலி என்று அவருக்குக் கண் கலங்கியது.

"இப்ப நீங்க. நான் பிடிச்சுக்கறேன்."

தம்பிதுரை சாயவில்லை, விழுந்தார். அந்த நேரம் பார்த்து பம்பு கம்பெனி மேனேஜர் ஒருவர் வாசலில் வந்து, "ஏனுங்க தம்பிதுரை, இருக்கீங்களா?" என்றார். எழுந்து வந்தவரின் நெற்றியில் ஜமக்காளத்தின் கோடுகள் வரிசையாகப் பதிந்திருந்தன. ஏதோ புதுவிதமான விபூதி என்று நினைத்து மேனேஜர் மரியாதையாகக் கும்பிட்டார்.

"இந்த வயசுல உங்களுக்கு எதுக்குங்க இதெல்லாம்?" என்று கேட்டுவிட்டுக் கலாமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"புள்ளைக்குத் துணைக்கு" என்றார் அவர் விறைப்பாக. மகளைப் பெற்றால் மட்டும் போதாது, கூடச் சேர்ந்து விழவும் வேண்டும் என்று அவளுக்கு எங்கே தெரியப்போகிறது?

ஐந்தாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மகளும் மருதமலைக்குப் போனார்கள். பஸ்ஸில் இல்லை, படியில். ஒவ்வொரு படிக்கும் இடது காலை முதலில் வைத்து ஏற வேண்டும் என்பது திட்டம். நித்யா ஒப்புக்கொண்டாள், அப்பாவும் அதேபோல் ஏறுவதென்றால் மட்டும்.

பாதி மலையில் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஏனுங்க, சாமி கும்பிடப் போறப்ப யாராச்சும் இடது காலை முன்னால வெப்பாங்களா?"

அவர்கள் தெருப் பழனியாத்தாள். கையில் அர்ச்சனைத் தட்டு, கண்ணில் சந்தேகம்.

"அது வந்துங்க… புள்ளைக்குக் கால்ல கொஞ்சம்…" என்று மென்று விழுங்கினார் தம்பிதுரை. மகள் நாலு படி முன்னால் போயிருந்தாள். "வெளிய சொல்லிப்போடாதீங்க."

பழனியாத்தாள் வெளியே சொல்லவில்லை. தெருவுக்குள்ளே மட்டும்தான் சொன்னாள். அன்று சாயங்காலமே பவானியிலிருந்து கலாமணியின் அக்கா போன் செய்தாள்.

"ஏனு கலா, புள்ளைக்கு ஒரு காலு குட்டையாமா? எங்ககிட்டயெல்லாம் சொல்லவே இல்லையே!"

திங்கட்கிழமை கொடுமுடியிலிருந்து தம்பிதுரையின் பங்காளி ஒருவர், நல்ல செருப்புக் கடை தெரியும், ஒரு பக்கம் மட்டும் உசரமாகச் செய்து தருவான் என்றார். செவ்வாய்க்கிழமை ஆனைமலையிலிருந்து யாரோ அழுதுகொண்டே பேசினார்கள். "ஆபரேசனுக்கு எப்பக் கூட்டிட்டுப் போறீங்க?"

புதன்கிழமை பேசியது கோச் ஆசிப்.

"சார், நித்யாவுக்குக் கால்ல ஏதோ பிரச்சினைன்னு ஊரே சொல்லுதுங்க. நாளைக்கே அவளைக் கூட்டிட்டு வந்துருங்க. ரெண்டாவது டெஸ்ட்டை முந்தியே எடுத்துரலாம். பழைய ரிப்போர்ட்டையும் கொண்டாந்துருங்க."

அன்று தம்பிதுரைக்குச் சோறு இறங்கவில்லை. பட்டறையில் பதக்கத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தன் ஆட்டம் ஒரு சத்தத்தோடு முடிந்தது போகட்டும். அவள் ஆட்டம் ஒரு தாளில் முடிந்துவிடக் கூடாதே.

மறுநாள் டெஸ்ட் அறையில் ஆசிப், இனியா, நித்யா மூவரும் இருந்தார்கள். தம்பிதுரை பனியனுக்குள் கைவிட்டு, ஆறு வார வியர்வையில் ஊறிய தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இதை மறைச்சது நானுங்க. புள்ளைக்கு ஒண்ணுமே தெரியாது. நான் சொன்னதையெல்லாம் ஏன், எதுக்குன்னு கேக்காம செஞ்சா. இப்படி ஒரு காலை வெச்சுக்கிட்டுத்தான் ஸ்டேட்ல ஜெயிச்சிருக்கறா. நெனச்சுப் பாருங்க சார், நல்ல காலா இருந்தா என்ன பண்ணியிருப்பா!" தாளை ஆசிப் பக்கம் தள்ளினார். "மெஷின் சொல்றதைக் கேட்டுக்கறேன். ஆனா அவளை ஒருக்கா உட்கார வெச்சுப் பார்த்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க."

ஆசிப் தாளைப் பார்த்தார். நித்யாவைப் பார்த்தார். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "சரிங்க சார், பார்த்துரலாம்" என்றார்.

"இருங்க!" என்றார் தம்பிதுரை. எவ்வளவு துக்கத்திலும் தொழில் தர்மத்தை விட முடியுமா? "மொதப் பீஸை நான் ஓட்டிப் பார்க்கோணும்."

ஏறி உட்கார்ந்தார். மகள்மேல் இருந்த பாசம், ஊர்மேல் இருந்த கோபம், மெஷின்மேல் இருந்த சந்தேகம் எல்லாவற்றையும் சேர்த்து உதைத்தார். அடுத்து நித்யா உட்கார்ந்தாள். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு மருதமலையானைக் கூப்பிட்டார்.

பிரின்டர் ஓடி நின்றது. இனியா வந்ததில் முதல் தாளை உருவி அவரிடம் நீட்டினாள்.

இரண்டு கால். இரண்டும் பச்சை. இருபத்தெட்டு இருந்த இடத்தில் பதின்மூன்று.

தம்பிதுரை மூன்று முறை படித்தார். பழைய தாளைப் பக்கத்தில் வைத்து இன்னொரு முறை படித்தார்.

"பாதிக்கு மேல ஏத்திப்போட்டா! ஆறே வாரத்துல! சார், முப்பது வருஷமா பேலன்சிங் பண்றேன், இப்படி ஒரு பீஸை நான் பார்த்ததில்லைங்க! என்ற பொண்ணுங்க! என்ற பொண்ணு!"

"உங்க பொண்ணு டீம்ல இருக்கறாங்க சார்" என்றார் ஆசிப். "அதுல என்னைக்குமே சந்தேகம் இல்லீங்க."

அந்தக் கடைசி வாக்கியம் அவர் காதில் ஏறவில்லை. மகளின் தலையைப் பிடித்து உச்சியில் முத்தமிட்டார். நித்யா ஏனோ அவரைவிட அதிகமாக அழுதாள், அதைவிட அதிகமாகச் சிரித்தாள்.

"இருங்க, மைசூர்பாகு வாங்கியாறேன். ஒருத்தரும் நகரக் கூடாது!"

இரண்டு தாள்களையும் கொடி போல உயர்த்திப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினார். மாடிப்படியில் கைப்பிடியைத் தொடவே இல்லை. இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினார். கொத்தனாரைத் திட்ட மறந்துபோனார். கீழ்ப்படிக்கு வந்தபோது மேலே இனியா இன்னொரு தாளோடு ஓடிவந்து, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கூப்பிட்டாள்.

"சார், நித்யாவோட பேப்பர் இங்க இருக்குதுங்க, அவளுக்கு அன்னைக்கும் மூணு சதவீதம்தான், இன்னைக்கும் மூணுதான், உங்க கையில இருக்கற ரெண்டும் உங்க காலுதானுங்க, 'சொன்னா எங்கப்பா டாக்டர்கிட்டயும் வரமாட்டாரு, எங்கூட நிக்கவும் மாட்டாரு'ன்னு அவதான் ஆறு வாரமா என்னைய வாயைத் திறக்கவே விடலை!"